முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தரத்தை மதிப்பிடுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

வரவேற்பறை பளபளவென்று இருக்கும். மேலாளர் சிரித்த முகத்தோடு வருவார். தோட்டத்தைக் காட்டுவார், தொலைக்காட்சிக் கூடத்தைக் காட்டுவார், காலியாக இருக்கும் அறைகளில் நல்லதாக ஒன்றைத் திறந்து காட்டுவார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, கட்டணப் பட்டியலோடு வாசலுக்கு வந்துவிடுவோம். அங்கே பராமரிப்பு எப்படி என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது.

ஓர் இல்லத்தின் தரம் தெரிவது அங்கிருப்பவர்களிலேயே மிகவும் இயலாதவரிடம்தான். பேச்சு வராது, எழுந்து நடக்க முடியாது, பார்க்க வரவும் ஆளில்லை. அப்படி ஒருவராவது அநேகமாக எல்லா இல்லத்திலும் இருப்பார். அவருக்கு நகம் வெட்டியிருக்கிறதா, உதடு வறண்டு வெடித்திருக்கிறதா, உடை ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவருக்கும், வாரம் தவறாமல் பிள்ளைகள் வந்துபோகிறவருக்கும் எங்கேயும் ஓரளவு கவனிப்பு கிடைத்துவிடும். கேட்க நாதியில்லாதவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே அளவுகோல். நம் வீட்டுப் பெரியவரும் ஒருநாள் அந்த நிலைக்கு வரக்கூடும்.

மருத்துவச் சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்று மருத்துவர் அவேதிஸ் டொனபேடியன் 1966இல் ஒரு வழி சொன்னார். அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். கட்டடமும் ஆட்களும் கருவிகளும் அமைப்பு. அந்த ஆட்கள் தினமும் என்ன செய்கிறார்கள் என்பது செயல்முறை. அதனால் அங்கிருப்பவரின் உடம்புக்கும் மனதுக்கும் என்ன ஆனது என்பது விளைவு. சுற்றிக் காட்டும்போது நம் கண்ணில் படுவது முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டையும் நாமே தேடித்தான் பார்க்க வேண்டும்.

படி 1: போவதற்கு முன் நம் ஆளை எழுதிக்கொள்ளுங்கள்

பொதுவாக ‘நல்ல இல்லம்’ என்று ஒன்று கிடையாது, இவருக்கு ஏற்ற இல்லம் என்றுதான் உண்டு. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வெளியிட்ட அன்றாட வேலைகளின் பட்டியல் இன்றும் இதற்கு உதவும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர், மலத்தை அடக்குவது, தானாகச் சாப்பிடுவது என்று ஆறு வேலைகள். ஒவ்வொன்றையும் தானே செய்கிறாரா, பிடித்துக்கொண்டால் செய்வாரா, முழுக்க அடுத்தவர் கையில்தானா என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

அதோடு ராத்திரி எத்தனை முறை எழுவார், விழுங்கும்போது இருமல் வருகிறதா, சாயங்காலம் ஆனால் பதற்றப்படுகிறாரா, எந்தக் காது கேட்காது, எந்தெந்த மாத்திரைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை இல்லத்தில் கொடுக்கும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். உட்கார்ந்து படித்து, இதில் இல்லாத இரண்டு கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி. “எல்லாம் பாத்துக்கலாம்” என்று மடித்து வைத்துவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: காகிதத்தைப் படியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

உரிமம் நடப்பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று கேளுங்கள். சில நாடுகளில் ஆய்வு அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் 2008 முதல் இல்லங்களுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திர மதிப்பீடு தருகிறார்கள். இங்கிலாந்தில் மிகச்சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது என்று நான்கு தரங்கள். இவை பயனுள்ளவைதான். ஆனால் அமெரிக்க நட்சத்திரங்களில் ஒரு பகுதி, இல்லங்கள் தாங்களே தங்களைப் பற்றிக் கொடுக்கும் தகவலை வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் மொத்த மதிப்பெண்ணைவிட, ஆய்வாளர்கள் நேரில் பார்த்து எழுதிய குறைகளுக்கே அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அறிக்கையைப் படிக்கும்போது குறைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் குறை எது என்று பாருங்கள். சமையலறையில் ஒரு லேபிள் விட்டுப்போனதும், படுக்கைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைக் குறை அடுத்தடுத்த ஆய்வுகளில் வந்திருந்தால் அது ஊழியர் ஒருவரின் தவறல்ல, நிர்வாகத்தின் பழக்கம்.

ஆய்வு அறிக்கையே கிடைக்காத இடங்களில், கீழே வரும் படிகளை நீங்களே இன்னும் கறாராகச் செய்ய வேண்டியிருக்கும்.

படி 3: முதல் நடையில் மூக்கும் காதும்

சொல்லிவிட்டு ஒருமுறை போங்கள். அப்புறம் சொல்லாமல் ஒருமுறை, முடிந்தால் சாயங்காலமோ விடுமுறை நாளிலோ போங்கள். எந்த இல்லத்திலும் ஆள் குறைவாக இருக்கும் நேரங்கள் அவை.

ஓர் அறையில் சிறுநீர் வாடை வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யாருக்கோ இப்போதுதான் ஆகியிருக்கும், மாற்றப் போவார்கள். நடைபாதை முழுக்க, மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஊறிப்போன வாடை வேறு. அது நாள்பட்டது. வாடையை அமுக்குவதற்காக அடித்த வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தாலும் எச்சரிக்கைதான். சுத்தமான இடத்தில் பெரிதாக எந்த வாசனையும் இருக்காது.

அடுத்தது அழைப்பு மணி. படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் அந்தப் பொத்தான் இருக்கிறதா? கட்டிலுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டோ, முடமான கையின் பக்கமாகவோ இருந்தால் அது இல்லாததற்குச் சமம். எங்காவது மணி அடித்தால் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் ஒருவர் வருகிறார் என்பதோடு, வந்தவர் மணியை நிறுத்திவிட்டு “இதோ வர்றேன்” என்று போய்விடுகிறாரா, வேலையை முடித்துவிட்டுப் போகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். மணி நின்றதை வைத்து மட்டும் நேரத்தைக் கணக்கெடுக்கும் இடங்களில் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகும் பழக்கம் வந்துவிடும்.

படி 4: சாப்பாட்டு நேரத்தில் போய் உட்காருங்கள்

ஒரே ஒரு வேளைதான் போக முடியும் என்றால் சாப்பாட்டு வேளையில் போங்கள். ஓர் இல்லத்தின் நிறைகுறை மொத்தமும் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆள் பற்றாக்குறை, பொறுமை, பயிற்சி, மரியாதை எதையும் அப்போது மறைக்க முடியாது.

ஊட்டிவிடும் ஒருவரை உற்றுப் பாருங்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு, கண்ணுக்குக் கண் தெரிகிற உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாரா, நின்றபடியே மேலிருந்து ஊட்டுகிறாரா? நின்று ஊட்டினால் பெரியவர் தலையை அண்ணாந்து வாய் திறக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு அதிகம். முதுகு நிமிர்ந்து, முகவாய் சற்றே தாழ்ந்திருப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. கரண்டியில் கொஞ்சமாக எடுக்கிறாரா? தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த வாயைக் கொடுக்கிறாரா, கன்னத்தில் சோறு அடைந்திருக்கும்போதே அடுத்த கரண்டி வருகிறதா? ஊட்டுபவர் அவரிடம் பேசுகிறாரா, அந்தப் பக்கம் இருக்கும் சக ஊழியரிடம் பேசிக்கொண்டிருக்கிறாரா? சாப்பிட்டு முடித்ததும் உடனே படுக்க வைக்கிறார்களா? அரை மணி நேரமாவது நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு நிமோனியா வருவதற்கு, நுரையீரலுக்குள் போன உணவும் எச்சிலும் முக்கியமான காரணம். வாய் சுத்தமில்லாவிட்டால் ஆபத்து இன்னும் கூடும், அதனால் பல் துலக்கிவிடுகிறார்களா என்றும் கேளுங்கள்.

விழுங்கச் சிரமப்படுபவரின் உணவையும் பானத்தையும் எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதற்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் கொண்ட உலகளாவிய வகைப்பாடு இருக்கிறது. எல்லா ஊழியருக்கும் அந்த எண்கள் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் “இவருக்குத் தண்ணீர் எவ்வளவு கெட்டியாக்கித் தர வேண்டும்?” என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்திற்குப் போய்க் கோப்பைத் திறந்து பார்த்துச் சொன்னால், ஊட்டியவர் அதைத் தெரிந்துகொள்ளாமலேயே இத்தனை நாளும் ஊட்டியிருக்கிறார்.

தட்டுகளை எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். யார் தட்டு தொடப்படாமல் திரும்பிப் போகிறது, அதை யாராவது எழுதிக்கொள்கிறார்களா? தொடப்படாத தட்டைச் சத்தமில்லாமல் எடுத்துப் போய் வைத்துவிடுகிற இடத்தில் எடை குறைவது தாமதமாகத்தான் தெரியவரும்.

எடைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இழப்பு என்பது பரவலாக வைத்திருக்கும் கணக்கு. 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தால் போதும், காரணம் தேட வேண்டும். பல்செட் தளர்ந்துபோனதா, மனச்சோர்வா, புது மாத்திரையா, ஊட்ட ஆளில்லையா? “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்பது இதற்குப் பதிலாகாது.

தண்ணீர் டம்ளரையும் பார்த்துவிடுங்கள். நிரம்பிய டம்ளர் மேசையில் இருக்கும், மேசை கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கும். சாயங்காலம் அதே டம்ளர் அப்படியே திரும்பிப் போகும். குறிப்பேட்டில் ‘தண்ணீர் வைக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கும்.

படி 5: தோல் பொய் சொல்லாது

படுக்கைப் புண்ணுக்கு நான் இவ்வளவு இடம் ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பிப் படுக்க வைப்பது, ஈரத்தை உடனே மாற்றுவது, சத்தான உணவு, வலியைக் கவனிப்பது எல்லாமே சரியாக நடந்தால்தான் தோல் தாங்கும். எல்லாப் புண்ணையும் தடுத்துவிட முடியாது, குறிப்பாக உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு. ஆனால் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும்.

வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கை, காது மடல் ஆகியவை முதலில் அடிபடும் இடங்கள். புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது, சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அங்கே சூடு, கடினம், சுற்றியுள்ள தோலிலிருந்து மாறிய நிறம் ஆகியவற்றைத் தொட்டும் உற்றுப் பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்துவிடும் அல்லது கொப்புளமாகும். மூன்றில் கொழுப்பு வரை போகும், நான்கில் தசையோ எலும்போ தெரியும்.

யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே கணிக்க ‘பிரேடன் அளவுகோல்’ உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து கூடும். பொதுவாக 18க்கும் அதற்குக் கீழும் இருந்தால் கவனம் தேவை. இதையோ இதுபோன்ற வேறொன்றையோ பயன்படுத்துகிறீர்களா என்று கேளுங்கள்.

அப்புறம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: “இப்போது இங்கே எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது? அதில் வரும்போதே இருந்தது எத்தனை, இங்கே வந்தபின் வந்தது எத்தனை?” நல்ல தலைமை நர்ஸ் எண்ணைச் சொல்வார், யாருக்கு ஆறிவருகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். படுத்த படுக்கையாகப் பலர் இருக்கும் இடத்தில், யோசிக்காமல் “எங்ககிட்ட யாருக்கும் கிடையாது” என்று வரும் பதில் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

திருப்பிப் படுக்கவைத்த நேரத்தை எழுதும் அட்டை கட்டிலின் கால்மாட்டிலோ அறைக் கதவிலோ இருக்கும். அதை எட்டிப் பாருங்கள். காலை 11 மணிக்கு நீங்கள் நிற்கும்போது மதியம் 2 மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. ஒரே பேனாவில் ஒரே சாய்வில் நாள் முழுக்கப் போட்ட டிக்குகளும் அந்த ரகம்தான். இப்போது இடப்பக்கம் என்று எழுதியிருந்தால் ஆள் இடப்பக்கமாகத்தான் படுத்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிடுங்கள்.

படி 6: மாத்திரைகள்

பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் வரிசையாக எல்லாரும் தலை தொங்கித் தூங்குகிறார்களா? சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம் இயல்பு. எழுப்பினாலும் எழாத தூக்கம், வாயில் எச்சில் வழிவது, விறைத்துப்போன நடை என்றால் மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்கள் கத்தும்போதோ அலையும்போதோ அவர்களை அடக்குவதற்கு, மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளைக் கொடுப்பது பழைய வழக்கம். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவற்றைக் கொடுத்தால் இறப்பு ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008இல் பழைய வகைகளுக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது. சில நேரம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் வலி இருக்கிறதா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா, பயமா என்று பார்த்தார்களா? குடும்பத்தின் ஒப்புதல் வாங்கினார்களா? எந்தத் தேதியில் குறைத்துப் பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸின் குழு 1991இல் முதலில் வெளியிட்டது, அது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. நம்மவர் விழுங்கும் மாத்திரைகளை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கலாம்.

மருந்து கொடுக்கும் நேரத்தில் இரண்டை மட்டும் கவனியுங்கள். பெயரைச் சரிபார்த்து, விழுங்கும்வரை நிற்கிறார்களா, மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்களா என்பது ஒன்று. எல்லா மாத்திரையையும் இடித்துக் கூழில் கலக்கிறார்களா என்பது மற்றொன்று. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒருநாள் மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

படி 7: விழுவதும் கட்டிவைப்பதும்

“இங்கே யாரும் விழுவதே இல்லை” என்று பெருமையாகச் சொன்னால் உஷாராகிவிடுங்கள். நடமாடும் முதியவர்கள் இருக்கும் இடத்தில் சில பேர் விழத்தான் செய்வார்கள். யாருமே விழவில்லை என்றால் விழுந்ததை எழுதவில்லை, அல்லது யாரையும் எழுந்து நடக்கவே விடவில்லை.

கட்டிவைப்பது கயிற்றால்தான் என்பதில்லை. இடுப்பில் சுற்றிய துணி, வீல்சேருக்கு முன்னால் பூட்டிய தட்டுப்பலகை, எழ முடியாத அளவுக்குத் தாழ்ந்த மெத்தை நாற்காலி, நான்கு பக்கமும் ஏற்றிவிட்ட கட்டில் கம்பி, கைக்கு எட்டாமல் ஓரமாக வைத்த வாக்கர் எல்லாமே அதே வேலையைத்தான் செய்கின்றன. கட்டிவைப்பதால் காயங்கள் குறைவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கம்பியின் மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். படுத்தே கிடந்தால் தசையும் கரையும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “கடைசியாக இங்கே ஒருவர் விழுந்தபோது என்ன செய்தீர்கள்?” தூக்குவதற்கு முன் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தோம், தலையில் அடி என்பதால் இத்தனை மணி நேரம் கண்காணித்தோம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் மருத்துவமனைக்கு அனுப்பினோம், அன்றே வீட்டுக்குச் சொன்னோம், ராத்திரி கழிப்பறைக்குப் போக எழுந்ததால் விழுந்தார், அதனால் படுப்பதற்கு முன் ஒருமுறை நாங்களே கூட்டிப்போகிறோம் என்று பதில் வந்தால், அங்கே யோசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

படி 8: ஆட்களை எண்ணுங்கள்

பாதி விஷயங்கள் இதில்தான் தீர்மானமாகின்றன. மனது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ராத்திரி முப்பது பேருக்கு ஓர் உதவியாளர் என்றால் யாரையும் நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைக்க முடியாது.

“போதுமான ஊழியர்கள் இருக்கிறார்கள்” என்ற பதிலை ஏற்காதீர்கள். இன்று காலை ஷிப்டில் எத்தனை பேர், மாலையில் எத்தனை, இன்று ராத்திரி எத்தனை, அதில் நர்ஸ் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். சமையல், துப்புரவு, அலுவலக ஆட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பேர் தங்கியிருக்கும் இல்லத்தில் காலை 8, மாலை 6, இரவு 3 என்று 17 பேர், ஆளுக்கு 8 மணி நேரம் என்றால் 136 மணி நேரம். 40ஆல் வகுத்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.4 மணி நேரம். அமெரிக்க அரசுக்காகச் செய்து 2001இல் வெளியான ஆய்வில், நெடுநாள் தங்குபவர்களுக்கு நர்ஸ்களும் உதவியாளர்களும் சேர்ந்து தர வேண்டிய நேரம் சுமார் 4.1 மணி என்று வந்தது. அதற்குக் கீழே தரம் பாதிக்கப்படுகிறது என்பது அதன் முடிவு. இதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு இல்லங்களை ஒப்பிட ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் அதிகம் என்றால் அதே எண்ணிக்கை இன்னும் பற்றாது.

உதவியாளர்களிடம் தனியே பேச வாய்ப்புக் கிடைத்தால் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், தினமும் இதே ஆட்களைத்தான் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். ஒரே ஆள் ஒருவரைத் தொடர்ந்து பார்த்தால்தான் “நேத்து மாதிரி இல்லையே, இன்னைக்கு என்னவோ சோர்ந்திருக்காரே” என்று தோன்றும். மாதத்துக்கு மாதம் முகம் மாறும் இடத்தில் அது யாருக்குமே தெரியாது. நிர்வாகி அடிக்கடி மாறுகிறார் என்றாலும் நல்லதல்ல.

படி 9: மரியாதை

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்களா? டயப்பர் மாற்றும்போது திரை இழுக்கப்படுகிறதா? அவர் எதிரிலேயே “இது ரொம்பப் படுத்தும்” என்று அடுத்தவரிடம் பேசுகிறார்களா? எண்பது வயதுக்காரரிடம் கைக்குழந்தையிடம் கொஞ்சுவதுபோலக் கொஞ்சுகிறார்களா? தள்ளிக்கொண்டு போவதற்கு முன் “போகலாமா?” என்று கேட்கிறார்களா, பின்னாலிருந்து சடாரென்று வீல்சேரை நகர்த்துகிறார்களா?

இன்னொன்று எளிதில் பார்க்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல் தடமும் சோற்றுப் பருக்கையும் அப்பியிருந்தால் அவர் பல நாளாக மங்கலான உலகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா, கருவி காதில் இருக்கிறதா, இழுப்பறையில் இருக்கிறதா? பல்செட்டில் பெயர் போட்டிருக்கிறதா? காது கேட்காமல், கண் தெரியாமல், பல் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரை ‘குழம்பிப் போயிருக்கிறார்’ என்று எழுதிவிடுவது சுலபம்.

எப்போது எழுவது, எப்போது குளிப்பது என்பதில் அவர் பேச்சு எடுபடுகிறதா என்றும் கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே எல்லாரும் குளித்து உடுத்தி உட்கார்ந்திருந்தால், அது இரவு ஷிப்ட் முடிவதற்குள் வேலையை முடிக்கச் செய்த ஏற்பாடு.

படி 10: தொற்றும் அவசரமும்

ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடும் முன் கை கழுவுகிறார்களா என்று பாருங்கள். ஒரே கையுறையோடு மூன்று கட்டில் போனால் கையுறை போடாததே மேல். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால் பை மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் கிடக்கக் கூடாது. யாருக்கு எதற்காகக் குழாய் என்று காரணம் சொல்லத் தெரிய வேண்டும். டயப்பர் மாற்றும் வேலையை மிச்சப்படுத்த என்பது காரணமல்ல, குழாய் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வழி திறந்து வைக்கிறது.

ராத்திரி மூச்சுத் திணறினால் யாரை அழைப்பார்கள், மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருகிறார், திடீரென்று குழப்பம் வந்தால் அதை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வராமலேகூடப் போகலாம், முதலில் தெரிவது தடுமாற்றமோ அரைமயக்கமோதான். தீயணைப்பு வழி, பூட்டப்படாத அவசரக் கதவு ஆகியவற்றை நடந்துபோகும்போதே பார்த்துவிடலாம்.

படி 11: ஒப்பந்தம்

வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். கட்டணத்தில் அடங்காதவை எவை, கட்டணம் எப்போது கூடும், நிலைமை மோசமானால் வெளியே அனுப்புவார்களா, மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் பணம் கட்ட வேண்டுமா, இறந்துவிட்டால் மீதம் திரும்பி வருமா? அன்றைக்கே கையெழுத்துக் கேட்கும் இடத்தில் போடாதீர்கள்.

படி 12: சேர்த்த பிறகும் மதிப்பீடு முடிவதில்லை

முதல் சில வாரங்களில் வெவ்வேறு நேரங்களில் போங்கள். எப்போது வருவீர்கள் என்று ஊழியர்களுக்கு மனப்பாடமாகிவிடக் கூடாது. ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எடை, தோல், தூக்கம், புது மாத்திரை, புதுக் காயம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். நினைவில் வைத்துக்கொண்டு பேசுவதைவிட, தேதியோடு பேசினால் நிர்வாகம் காது கொடுக்கும்.

குறை தெரிந்தால் முதலில் அந்த ஷிப்டின் பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள். தீராவிட்டால் நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உரிமம் வழங்கிய அலுவலகத்துக்குப் போங்கள். புகார் சொன்னால் நம்மவரிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அதனால் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், நடந்ததையும் வேண்டியதையும் மட்டும் சொல்வது உதவும். நன்றாகச் செய்யும் உதவியாளரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் மறக்காதீர்கள், அவர்களுக்கு அது அபூர்வமாகக் கிடைப்பது.

சில அறிகுறிகளுக்கு இந்த வரிசையெல்லாம் வேண்டாம். மேற்கையில் விரல் பதிந்தாற்போன்ற கன்றல், மணிக்கட்டில் வரித்தடம், காரணம் மாற்றி மாற்றிச் சொல்லப்படும் எலும்பு முறிவு, குறிப்பிட்ட ஓர் ஆள் அறைக்குள் வந்தால் உடம்பு விறைத்துப்போவது, உங்களைப் பெரியவரோடு தனியாக இருக்க விடாமல் தடுப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள், படம் எடுத்து வையுங்கள், காவல்துறைக்கோ முதியோர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ தெரிவியுங்கள்.

வேறு இடம் மாற்றுவது என்று முடிவானால் அதுவும் பெரியவருக்குச் சுலபமில்லை, சில நாள் குழப்பம் கூடும். போகும்போது இப்போதைய மருந்துப் பட்டியல், கடைசி மூன்று மாத எடைப் பதிவு, தோலின் நிலை பற்றிய குறிப்பு, உணவின் பதம், ஒவ்வாமை விவரம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் முதல் நாளே அங்குள்ள நர்ஸோடு சேர்ந்து தலை முதல் குதிகால் வரை தோலைப் பார்த்து, இருப்பதை இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பிற்பாடு ஒரு புண் தெரிந்தால் அது எங்கே வந்தது என்ற வாக்குவாதமே இருக்காது.